பகலவன் கொல்லைக் கல்

12 ஜனவரி, ஞாயிறு

வாரம் பூரா சர்க்கரை ஆலைக் கணக்கு, ஞாயிறானால் நடுகல் தேடி அலைச்சல். இன்றைக்கு அலைந்தது வீண் போகவில்லை. கல்வராயன் மலையடிவாரம், பகலவன் என்பவருடைய மரவள்ளிக் கொல்லை. வரப்போரம் வில் பிடித்த வீரன், தலைக்கு மேலே தொடங்கிக் காலடி வரைக்கும் பழைய எழுத்து. அதில் மாட்டைக் கட்டி வைத்திருக்கிறார் மனுஷன்! ஒரே மூத்திர நாத்தம். கத்திவிட்டேன்.

"கல்லுதானே மேடம்? எங்கப்பா காலத்துலேருந்து இதுலதான் கட்டிக்கினு இருக்கோம்."

கல்லாம்!

19 ஜனவரி

தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, மை ஒற்றி எடுத்தேன். கொள்ளை போன மாடுகளை மீட்டுக்கொடுத்துச் செத்தவன். ஊர் இருக்கிறது, ராஜா பேர் இருக்கிறது. செத்தவன் பேர் மட்டும் கடைசி வரியில், அந்த வரி மண்ணுக்குள்ளே. ஒரு முழம் தோண்டினால் போதும். பகலவன் விடவில்லை. "கிழங்கு புடுங்கினப்புறம் தோண்டிக்குங்க. இன்னா அவசரம், ஓடியா போவுது?"

வீட்டில் சிவசங்கர் சிரிக்கிறார். "ஆயிரம் வருஷம் இருந்தவன் ஒரு மாசம் இருக்க மாட்டானா?" புருஷன் என்று ஒருத்தர்.

21 ஜனவரி

நிருபர் ஒருவரிடம் சொல்லியிருந்தேன். படத்தோடு போட்டுவிட்டார். இனிமேல் மாடாவது கட்ட மாட்டார்கள்.

2 பிப்ரவரி

மாடு கட்டவில்லை. மஞ்சள், குங்குமம், பட்டு வேட்டி, எலுமிச்சை மாலை! வேடியப்பன் சாமியாம். பூசாரியும் ரெடி. இருசப்பன் என்று ஒருத்தர், போன வாரம் வரைக்கும் லோடு ஆட்டோ ஓட்டியவர். கிட்டே போனேன். "செருப்ப கழட்டிட்டு வாங்கம்மா" என்கிறார். மாட்டு மூத்திரத்தில் முட்டி போட்டுப் படித்தவள் நான். எனக்குச் சொல்கிறார்!

16 பிப்ரவரி

கிழங்கு பிடுங்கியாச்சு. தோண்டலாம் என்று போனால் கோயில் கட்டப் போகிறார்களாம். கல்லைச் சுற்றி சிமெண்டு மேடை, மேலே டைல்ஸ். அப்புறம் கடைசி வரியை எவன் பார்ப்பது? ஐயோ, என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா!

"ஒரு மணி நேரம் விடுங்கய்யா, அந்த ஆளு பேர் தெரிஞ்சிடும்" என்று கெஞ்சினேன்.

"பேரா? அதான் வேடியப்பன்னு வெச்சாச்சே" என்கிறார் பகலவன். இருசப்பன், "சாமி காலாண்ட கடப்பாரை போடணும்னா பூ கேக்கணும்மா" என்கிறார்.

கேளுங்க. நல்லா கேளுங்க.

23 பிப்ரவரி

பூக்கட்டிப் பார்த்தார்கள். இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தால் தோண்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. பகலவன் பேத்தி சுபஸ்ரீ எடுத்தாள்.

சிவப்பு.

இன்னொரு தடவை பார்க்கலாமே என்றேன். மொத்த ஊரும் முறைத்தது.

5 மார்ச்

மேடைக்கு முதல் செங்கல்லை நான்தான் வைக்கணுமாம். "நீங்க சொல்லாங்காட்டி சாமின்னே தெரிஞ்சிருக்காது மேடம். இத்தினி நாளு மாட்டக் கட்டிட்டனே, பாவி!" பகலவன் கண் கலங்கிப் பொன்னாடை போர்த்துகிறார். இந்த மனுஷனை எப்படித் திட்டுவது? வைத்தேன். அந்தப் பேர் புதைந்திருக்கிற இடத்துக்கு நேர் மேலே, என் கையாலேயே.

வீட்டுக்கு வந்து அழுதேன். சிவசங்கர் கேலி பண்ணவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

9 மார்ச்

பேப்பரில் செங்கல்லோடு என் படம். நிருபர் போன் பண்ணினார். எடுக்கவில்லை.

15 ஜூன், ஞாயிறு

இன்னொரு நடுகல் கிடைத்திருக்கிறது. முழுசாக வெளியே நிற்கிறது. எல்லா வரியும் தெளிவு, பேர் உட்பட. ஒற்றி எடுத்துக்கொண்டேன். எந்த ஊர் என்று இங்கேகூட எழுதப் போவதில்லை.

நிலத்துக்கார அம்மா ராஜாம்பாள் எருமையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். "இன்னாம்மா அது? சாமிங்களா?"

"சும்மா கல்லுதாம்மா."

"அதானே" என்று எருமையை அதிலேயே கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. கிளம்பும்போது நானே இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.