தமனிக்குள் ஒரு லயம்

இன்று ஆய்வுக்கூடத்தில் யாரோ தலைவலிக்குத் தைலம் தேய்த்திருந்தார்கள். யூக்கலிப்டஸ் வாடை என் மேசைவரை வந்தது. நெஞ்சு வலித்தபோதெல்லாம் வாய்வுதான் என்று சொல்லி நீ தேய்த்துக்கொண்ட அதே தைலம். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். அதற்குமேல் வேலை ஓடவில்லை. கொஞ்ச காலமாகவே எதுவும் ஓடுவதில்லை, எல்லாம் அலுப்பாக இருக்கிறது.

மூணாற்றுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், நீயும் நானும் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தோம். நான் படிக்கவென்று கொச்சிக்கு இறங்கினேன். நீ உன் அப்பாவின் வேலையை வாங்கிக்கொண்டு மருந்தடிக்கும் பம்பை முதுகில் மாட்டினாய். பல வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் வந்தபோது, இதயக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் உன்னிடம் சொல்லியிருந்தார். நீ கேக்கை மென்றபடி, "ஏலே விஞ்ஞானி, அந்தக் குழாய்க்குள்ள என்னத்ததாம்லே பாக்க?" என்று கேட்டாய்.

சொன்னேன். ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு சேர்கிறது. அதைத் தின்று சுத்தம் செய்யக் காவல் செல்கள் வருகின்றன. தின்று ஊதிப்போய், திரும்பிப் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. நோய் முற்றிய பிறகு ரத்தத்திலிருந்து புதிய செல்கள் வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை, உள்ளே இருப்பவையே பிரிந்து பிரிந்து பெருகுகின்றன.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்ப அது நம்ம லயந்தாம்லே. தாத்தன் வேலைக்குன்னு வந்தான். போக வழியில்ல. இங்கனயே புள்ளகுட்டி பெத்துப் பெருகிட்டோம்."

பிறகு குரலைத் தணித்து, "அதுகளக் கொன்னுட்டா சரியாயிருமா?" என்றாய். செத்தவற்றை அப்புறப்படுத்த ஆள் இல்லாவிட்டால் எல்லாம் சுவரிலேயே கிடந்து குவியும், அது இன்னும் மோசம் என்றேன். அவை வெளியே போக ஒரு வழி கிடைக்குமா என்றுதான் நாங்கள் தேடுகிறோம் என்றேன். உள்ளறையில் உன் மகள் ஷீபா நர்சிங் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சண்டை போட்டேன். பம்பு தூக்கக் கூடாது என்று டாக்டரே சொல்லியாயிற்று, வேலையை விடு என்று கத்தினேன். உன் மனைவி முழங்கால் போய் ஏற்கெனவே தோட்ட வேலையிலிருந்து ஓய்வு வாங்கியிருந்தாள். வீட்டில் யாராவது ஒருவர் தோட்ட வேலையில் இருந்தால்தான் லயத்து வீடு கையில் நிற்கும்.

"நான் வேலைய விட்டு நின்னா ஷீபா தோட்டத்துல பேர் குடுக்கணும். கொழுந்து கிள்ளவா அவளப் படிக்க வச்சேன்?" என்றாய். எல்லோரும் என்னோடு கொச்சிக்கு வாருங்கள் என்றேன். "ஒன் வீட்டு வாசல்ல எத்தன நாளுலே கெடக்க? அவ முடிக்கட்டும். பொறவு இறங்குதேன்."

அவள் முடிப்பதற்குள், தேயிலைச் சரிவில் பம்போடு சரிந்தாய். கோபமும் துக்கமும் ஒன்றாக வந்தன. உன் முகத்தைப் பார்த்து அழுதேனா திட்டினேனா என்று இன்றுவரை தெரியவில்லை. லயம் போயிற்று. உன் மனைவி போடியில் தங்கை வீட்டில் இருக்கிறாள்.

என் வேலையும் முன்னேபின்னேதான். எலிகளில் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது, மனிதருக்கு என்று வரும்போது கைவிரிக்க வேண்டியிருக்கிறது. விட்டுவிடலாமா என்று பலமுறை தோன்றியதுண்டு.

ஷீபா இப்போது கோட்டயத்தில் இதய நோயாளிகள் வார்டில் நர்ஸ். நல்ல பேர் வாங்கியிருக்கிறாள். வேலை முடிந்து அலுத்த குரலில் எப்போதாவது கூப்பிடுவாள். போன வாரம் கேட்டாள்: "சித்தப்பா, அந்தச் செல்லுக வெளிய போக வழி கண்டுபிடிச்சாச்சா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

'லயத்தைவிட்டு நீ வெளியே போக உன் அப்பன் வழி கண்டுபிடித்துவிட்டான்' என்று அவளிடம் சொல்ல வாய்வரை வந்தது. அதைக் கேட்டால் அவள் எப்படித் தாங்குவாள்? சொல்லாமலே போனை வைத்தேன்.