நான்கு தந்திகளையும் தளர்த்தியவன்

அன்புள்ள கோராவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது, எழுத்து மட்டும் விண்ணியுடையது. பனியில் வழுக்கி வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பயப்படாதே, மூன்று வாரத்தில் சரியாகிவிடும். மற்றபடி லூனன்பர்க்கில் நாங்கள் நலம், மாண்ட்ரியலில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இரு. (தூக்கத்தைச் சேர்த்தது அம்மா. விண்ணி.)

செவ்வாய்க்கிழமை வானொலியில் உன் பேட்டியைக் கேட்டோம். அதிலிருந்து படகுத்துறையில் எனக்கு வேலை ஓடவில்லை, ஆளாளுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கத்துப் படகு ஆர்லன், "ஏம்ப்பா பர்ட், அது உன் பொண்ணுதானா? நீ பாடினா கடல்காக்காகூடப் பறந்துடுமே" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நீ சொன்ன ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இசைக்குழுத் தேர்வன்று பெட்டியைத் திறந்தால் செல்லோவின் நான்கு தந்திகளும் தொங்கிக் கிடந்தன, அதன் வயிற்றுக்குள் நிற்கும் சின்ன மரக்குச்சி விழுந்திருந்தது, எல்லாம் பயணக் குளிர் செய்த வேலை என்றாய். குளிர் இல்லை கோரா, நான். (இங்கே அப்பா எழுந்து ஜன்னல்வரை போய் வந்தார். எழுதாதே என்றார், எழுதிவிட்டேன்.) ஈரத்தில் கயிறு இறுகும் என்று படகுக் கயிறுகளைத் தளர்த்தி விட்டே பழகியவன் நான். செல்லோவும் இறுகி விரிசல் விட்டுவிடக் கூடாதே என்று, தேர்வுக்காக நீ இங்கிருந்து கிளம்பிய காலை, நீ குளிக்கப் போனபோது நான்கையும் தளர்த்தினேன். தந்திகளின் அழுத்தம்தான் அந்தக் குச்சியைப் பசையில்லாமல் நிறுத்தி வைக்கிறது என்று எனக்குத் தெரியாது, இப்போதுதான் விண்ணி நூலகப் புத்தகத்தில் படித்துக் காட்டினாள். வேலை கிடைத்தது என்று மட்டும்தான் நீ அன்று போனில் சொன்னாய். அம்மா, "நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

பேட்டியில் நீ சொன்ன அந்த எத்தியென் பையனை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அதே இடத்துக்குப் போட்டியிட வந்தவன், தன் செல்லோவை உன்னிடம் நீட்டி, "வாசிச்சுட்டுச் சீக்கிரம் குடு, அடுத்தது நான்தான்" என்றானாமே. திரைக்குப் பின்னால் வாசிப்பது யாரென்று நடுவர்களுக்குத் தெரியாது, பழகாத கருவியில் வாசித்து நீ ஜெயித்தாய். உன்னை முதலில் கட்டியணைத்து வாழ்த்தியவனும் அவன்தான் என்றபோது உன் குரல் கம்மியது. நான் கெடுத்ததை யாரோ பெற்ற பிள்ளை சரிசெய்திருக்கிறான். அம்மா ஊறவைத்த ஹெர்ரிங் மீன் இரண்டு ஜாடி அனுப்புகிறாள், ஒன்று அவனுக்கு, அதில் நீ கைவைக்காதே.

ஏப்ரலில் ஹாலிஃபாக்ஸில் இசைக்குழுவுக்கு முன்னே நீ தனியாக உட்கார்ந்து வாசிக்கப்போகிறாய். உன்னையும் செல்லோவையும் நானே வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும் என்று கேட்டிருந்தாய். இதைச் சொல்லாமல் அந்தப் பெட்டியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த பிறகும் கூப்பிட்டால் வருகிறேன், கோபமிருந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.

கடவுள் உன் விரல்களுக்குத் துணையிருக்கட்டும். ஒன்றை மறக்காதே. இனி வானொலியில் யாராவது கேட்டால் குளிரின் மேல் பழி போடாதே, எங்கள் அப்பா செய்த வேலை என்று சொல். துறையில் எல்லோரும் கேட்பார்கள், கேட்கட்டும்.

உன் அப்பா,
பர்ட்டன் கார்க்கம்