அந்த அரை மார்க்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம் என்று முதல் வரியில் எழுதியே ஆக வேண்டுமாம், எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் உண்மையிலேயே நலமாக இருக்க வேண்டும். மாடியில் குடியிருந்த தையல்கார அக்கா போன மாதம் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள். அவள் மிஷின் சத்தம் தலைவலி என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன், இப்போது அதுவும் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அப்பா தவறினதிலிருந்து ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் கை பழகவில்லை, மிஞ்சினதை மறுநாளும் நானே தின்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான், மாத்திரை போடுகிறேன், நீ கேட்கும் முன்னே சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூட ஆபீசில் இந்த வருஷமும் ரேங்க் பட்டியல் என் தலையில்தான். மூன்று வருஷ மார்க்கையும் கூட்டிச் சராசரி போட்டு, மார்க்கைக் காட்டாமல் ரேங்கை மட்டும் போர்டில் ஒட்டுகிற அதே பழைய வழக்கம். முதல் ரேங்க் வாங்கின பிள்ளைக்கு நம் ஊர்க் காலேஜில் நுழைவுத் தேர்வு இல்லாமல் இடம், அது உனக்கு நான் சொல்லித்தானா தெரிய வேண்டும். இந்தத் தடவை பஸ் டிரைவர் மகளும் பேக்கரிக்காரர் மகனும் புள்ளி பிசகாமல் ஒரே சராசரி. நாலு தடவை கூட்டிப் பார்த்தேன். தலைமையாசிரியை, “காலேஜ்ல ஒரு பேர்தான் கேக்கறாங்க, யாரையாவது முதல்ல போட்டு அனுப்புங்கம்மா” என்றார். மாட்டேன் என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் எதிரே குரலை உயர்த்தினேன், பியூன் கூட எட்டிப் பார்த்தார். நானே காலேஜுக்குப் போன் போட்டேன். அங்கே எடுத்த பெண் சாவகாசமாக, “சமமா இருந்தா ரெண்டு பேரையும் அனுப்புங்க, எப்பவும் அப்படித்தானே” என்றாள். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன் வருஷத்தில் முதல் ரேங்க் உனக்கு அரை மார்க்கில் போச்சு என்று சொன்னேனே, அந்த அரை மார்க் கிடையவே கிடையாது கண்ணு. நீயும் டாக்டர் மகளும் சமம். ஆபீஸ்காரி தன் பெண்ணைத் தூக்கிவிட்டாள் என்று நாலு பேர் வாயில் விழப் பயந்து, அவளை முதலில் போட்டு, உன்னை இரண்டாவதாக என் கையாலேயே டைப் அடித்தேன். காலேஜில் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நீ அந்த அரை மார்க்கைத் தேடிப் பரீட்சைத் தாளையெல்லாம் தரையில் பரப்பி வைத்து அழுதாய், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இடம் கிடைத்த ஊருக்குப் போனாய், வேலையும் அங்கேயே, கல்யாணமும் அங்கேயே என்றாகிவிட்டது. பதினோரு வருஷம். நேர்மையானவள் என்று பேர் வாங்கிக்கொண்டு நான் இங்கே தனியாகக் கிடக்கிறேன். யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். ஆறட்டும் என்று தள்ளிப்போடாதே, கோபத்தோடேயே போன் பண்ணித் திட்டு. எவ்வளவு நேரமானாலும் வைக்க மாட்டேன்.

உன் அம்மா