அளவு நானூறுக்கு மேல்

14 ஜனவரி 2051, காலை 6:10
காற்று நிலையம் ஏழு. பதிவு செய்பவன்: துரைக்கண்ணு, காவலாள். பத்தாம் வகுப்பு, அதிலும் அறிவியலில் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்தை நம்பித்தான் இங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் குழாயில் நல்ல காற்று போகிறது. வெளியே புகை அளவு 180. இன்று போகி. பழைய பாயோடு நிறுத்திக்கொண்டால் சரி.

6:40
அளவு 310. பாய் இல்லை, டயர். ஆறாவது மாடிக் கண்ணாடி வழியாகக் கறுப்புச் சுருள் தெரிகிறது. பென்சீன் என்று கருவி எழுதுகிறது. பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ரத்தத்தையே கெடுக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

6:55
அளவு 420. நானூறைத் தாண்டியதும் இரும்புக் கதவு தானே பூட்டிக்கொண்டது. நானூறுக்குக் கீழே இறங்கினால்தான் திறக்கும். போகித் தீ எங்கள் கட்டடத்தை ஒட்டிய பழைய டயர் கிடங்குக்குத் தாவிவிட்டது.

7:08
வாசல் ஒலிபெருக்கியில் குரல்: "அப்பா, நிறைமதி வந்திருக்கேன். கதவ தொற."
என் மகள். ஒன்பது வயது. வீசிங் உண்டு. 'புகை வந்தா அப்பா ரூமுக்கு ஓடியா, ஊர்லயே நல்ல காத்து அங்கதான்' என்று பெருமை அடித்தவன் நான்தான். கதவு பூட்டிக்கொள்ளும் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் கெத்து குறையுமே.

7:12
கதவைத் திறக்கச் சொல்லித் தலைமையகத்தைக் கூப்பிட்டேன். அங்கே பணியிலிருந்த கோதை: "இங்கேர்ந்தும் தொறக்க முடியாதுண்ணே. புகை உள்ள பூந்தா ஐசியூல பன்னெண்டு பேரு போயிருவாங்க. ஃபயர் சர்வீஸ் கெளம்பிட்டாங்க. பாப்பாவ கீழ எறங்க விடாதீங்க, இப்ப படிக்கட்டு வரைக்கும் தீ வந்துருச்சு."

7:19
அளவு 655. "இன்ஹேலர் ரெண்டு தடவ அடிச்சேன்பா. கீச்கீச்சுனு வருது. ஜோக்கு அடிக்காதப்பா, தொற."
ஜோக்கு அடிப்பதைத் தவிர என்ன வித்தை தெரியும் எனக்கு. நாற்காலியால் கதவை அடித்தேன். நாற்காலி உடைந்தது. தரையோடு படுத்துக்கொள், பேசாதே, நான் தட்டினால் திருப்பித் தட்டு என்றேன்.

7:31
அளவு 540. தண்ணீர் அடிக்கிறார்கள். தட்டினேன். தட்டினாள்.

7:38
460. தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டு.

7:44
422. தட்டினேன்.
415. தட்டினேன்.
408. இறங்குது கண்ணு, இன்னும் எட்டுதான்
401
தட்டும்மா
401