மகாராணியே வருக

டி. கல்லுப்பட்டி
2.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜோதி எழுதுவது. நானும் பிள்ளையும் நலம். பிறந்து இன்றோடு பதினான்கு நாள். தொப்புள்கொடி காய்ந்து விழுந்துவிட்டது. தூங்கும்போது உங்களைப் போலவே ஒரு புருவத்தை மட்டும் தூக்குகிறாள். அம்மா பூண்டும் கருவாடுமாகப் பத்தியம் போட்டுக் கொல்கிறாள். என் மேலேயே எனக்குப் பூண்டு வாடை அடிக்கிறது.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நான் பேசினால் கடையில் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். முந்தாநாள் பால் கட்டிக்கொண்டு வலி தாங்கவில்லை என்று அழுதேன். "தங்கச்சி, முட்டைக்கோஸ் எலைய வச்சுக் கட்டுங்க, சரியாப் போயிரும்" என்று உங்கள் கூட்டாளி அழகுராஜா அண்ணன் குரல் கேட்டது. அதோடு போனை அணைத்துவிட்டேன். இதை என் அண்ணன் முத்துப்பாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். சரக்கு எடுக்க அவன் தினமும் சிம்மக்கல் வருகிறவன்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வந்த அன்று செல்லூர் முக்கில் என்னைப் பார்த்தேன். பத்தடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்றுப் பத்து நிமிஷம்கூட ஆகாத படம். வாய் கோணி, தலைமயிர் நெற்றியில் ஒட்டி, துணி தோளிலிருந்து நழுவிக் கிடக்கிறது. நெஞ்சின் மேல் ரத்தமும் பிறந்த மாவுமாகப் பிள்ளை. 'எங்கள் வீட்டு மகாராணியே வருக வருக!' கீழே 'இவண்' என்று போட்டு, கூலிங்கிளாஸோடு கும்பிடும் விருமாண்டி, அழகுராஜா, இன்னும் நாலு பேர்.

டாக்டரம்மா உங்களைப் பிரசவ அறைக்குள் விட்டது என் கையைப் பிடித்துக்கொள்ள. கையை விட்டுவிட்டு எப்போது போனை எடுத்தீர்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.

கார் சிக்னலில் நின்றது. பக்கத்து பைக்கில் இருந்தவன் அண்ணாந்து அதைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு வாந்தி வந்துவிட்டது. பிரசவ அசதி என்று அம்மா நினைத்துக்கொண்டாள். கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் அங்கேயும் ஒன்று. லீவு முடிந்து நான் கணக்குப் பாடம் எடுக்கப் போகிற பிள்ளைகள் செல்லூர் வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறார்கள்.

பன்னிரண்டு பிளக்ஸ் அடித்ததாகப் பெருமையாகச் சொன்னீர்களே. பன்னிரண்டையும் கழற்றுங்கள். கழற்றிவிட்டுப் பிள்ளையைப் பார்க்க வாருங்கள்.

உங்கள்
ஜோதி


சிம்மக்கல்
5.5.2025

என் வீட்டு மகாராணிகள் இருவருக்கும் தங்கப்பாண்டி கோடி முத்தங்களோடு எழுதுவது.

ஜோதி, உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்கவில்லை. பின்னால் மிஷின் ரூமுக்குப் போய்த் தனியாகப் படித்தேன். மனசு கஷ்டமாகிவிட்டது.

நான் பிளக்ஸ் கடைக்காரன். ஊரில் எவன் வீட்டுக் காதுகுத்துக்கும் அடித்துக் கொடுக்கிறவன். என் பிள்ளைக்கு அடிக்காமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? "ஏன் மாப்ள, பொம்பளப் புள்ளையின்னு உள்ளுக்குள்ள வருத்தமா?" என்று விருமாண்டியே கேட்டுவிட்டான். அந்த வாயையெல்லாம் அடைக்கத்தான் பன்னிரண்டு. அந்தப் படத்தில் நீ சாமி மாதிரி இருந்தாய். தோள் தெரிந்த இடத்தில் ரோஜாப்பூ டிசைன் வைத்து மறைத்துத்தான் அடித்தேன்.

ஆனாலும் நீ சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை. கடையில் வேலை செய்கிற அசோக்குமாரையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டையும் இறக்கிவிட்டேன். நல்ல கனமான ஷீட், வீணாக்கவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. "நம்ம மொகம் இன்னும் நாலு நாளு நிக்கலையே மாப்ள" என்று விருமாண்டிக்குத்தான் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை வாரேன். பிள்ளைக்குப் பச்சைச் சட்டை வாங்கியிருக்கிறேன்.

உன்
தங்கப்பாண்டி


டி. கல்லுப்பட்டி
19.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அன்றைக்கு நீங்கள் வந்து, போனைச் சட்டைப்பையிலிருந்தே எடுக்காமல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சட்டையெல்லாம் நனைத்தாள், அப்போதும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது. இந்தக் கடிதத்தை அப்படியே தொடர ஆசைதான்.

நேற்று பிள்ளைக்கு முப்பது நாள் முடிந்து கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது அண்ணன் புரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்தினான். சாப்பிட்டவர்கள் கை கழுவுகிற இடத்தில் மறைப்புக் கட்டியிருந்தார்கள். நான்தான் அந்த மறைப்பு. கழுத்தெல்லாம் சால்னா. ஒரு ஆள் வாய் கொப்பளித்துத் துப்பினான். நம் பிள்ளையின் கால் மேல் வழிந்து இறங்கியது. உங்கள் ரோஜாப்பூ மட்டும் கெடாமல் இருந்தது.

கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று என்று நீங்கள் எழுதியதற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. பழைய ஷீட்டைப் படுதாவுக்குக் கொடுப்பது உங்கள் வழக்கம்; எப்போதும் செய்வதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

வண்டியிலிருந்து இறங்கிப் போய் இழுத்தேன். "என்னம்மா, கட்டுன படுதாவப் போட்டு இழுக்குறீங்க?" என்று கடைக்காரர் ஓடிவந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு அவரே அவிழ்த்து, கழுவி, படம் உள்பக்கமாகச் சுருட்டிக் கொடுத்தார். முன்பின் தெரியாத மனிதர். அவருக்கு இருந்த கூச்சம் உங்களுக்கு ஏன் இல்லை மாமா? அருவருப்பாக இருக்கிறது. எச்சிலை நினைத்து மட்டும் சொல்லவில்லை.

அந்த ஒன்றை நான் வெட்டிவிட்டேன். மீதிப் பதினொன்றையும் தேடிப் பிடித்து நீங்கள் வெட்டுங்கள். அதுவரைக்கும் நான் அங்கே வருவதாக இல்லை.

ஜோதி


சிம்மக்கல்
28.5.2025

அன்பு ஜோதிக்கு,

ஒன்பது நாளாகக் கடையை அசோக்குமாரிடம் விட்டுவிட்டு அலைந்தேன். பத்து கிடைத்துவிட்டது. ஒன்று ஆட்டுக்கிடைக்கு மேலே, புழுக்கையும் மூத்திரமுமாக. ஒன்று வெங்காய மண்டியில், அழுகலைக் கொட்டிவைக்கக் கீழே விரித்திருந்தார்கள். இன்னொன்றை எழுதக் கை கூசுகிறது. ஒயின்ஷாப் பக்கத்தில் ஆம்பளைகள் ஒதுங்குகிற மூலையில் கட்டியிருந்தது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான் ஒருத்தன். அவனை அடித்துவிட்டேன். "நீதானய்யா குடுத்த" என்று அந்தக் கடைக்காரன் கேட்டான். அங்கேயே குமட்டி வாந்தி எடுத்தேன்.

பத்தையும் துண்டு துண்டாக வெட்டி எரித்துவிட்டேன். அந்த நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. நீ காரில் ஏன் வாந்தி எடுத்தாய் என்று இப்போது தெரிகிறது.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அசோக்குமாரும் நினைவில்லை என்கிறான். காற்றில் போயிருக்கும். அந்த ஒன்றை மன்னித்துவிடு. நாற்பத்தைந்து நாள் முடிந்ததும் வந்துவிடு. தொட்டில் கட்டிவைத்திருக்கிறேன். பிள்ளை வாடை இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. நீ வரும்போது வாசலில் கோலத்தைத் தவிர ஒன்றும் இருக்காது, சத்தியம்.

உன்
தங்கப்பாண்டி


டி. கல்லுப்பட்டி
6.6.2025

தங்கப்பாண்டி அவர்களுக்கு,

நேற்று நான் சிம்மக்கல் வந்திருந்தேன். பத்து இடத்தில் போய் நின்ற மனுஷன், இனி போதும் என்று மனசு இறங்கிவிட்டது. சொல்லாமல் வந்து நிற்க வேண்டும் என்று ஆசை. பிள்ளைக்குப் பச்சைச் சட்டை போட்டிருந்தேன்.

பகல் மூன்று மணி. அண்ணன் ஆட்டோவை உங்கள் கடைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினான். மேற்கு வெயிலுக்காகக் கடை வாசலில் படுதா இறக்கியிருந்தீர்கள். வெள்ளைப் பக்கம் உங்களுக்கு. தெருவுக்கு நான்.

வெயிலில் பாதி வெளுத்திருந்தாலும் என்னைத் தெரிந்தது. அசோக்குமார் கட்டியிருப்பான், கையில் கிடைத்ததைக் கட்டினான், அவனைச் சொல்லி என்ன? நான் ஆட்டோவுக்குள்ளேயே இருந்தேன். நீங்கள் ஒரு முறை ஓரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து யாரோடோ சிரித்துப் பேசிவிட்டுப் போனீர்கள். மறுமுறை வந்தபோது விரலில் பசை ஒட்டியிருந்தது. படுதாவிலேயே துடைத்தீர்கள். என் கன்னத்தில் துடைத்தீர்கள்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். பார்த்திருந்தால் அந்த நிமிஷமே கிழித்திருப்பீர்கள். ஊரான் என் மேல் ஒதுங்கியதைப் பார்த்து உங்களுக்குக் குமட்டியது. உங்கள் வாசலில் நான் தொங்கியது கண்ணில் படவே இல்லை. இதற்கு மேல் எதைத் தேடச் சொல்லி, எதைக் கழற்றச் சொல்லி உங்களுக்கு எழுதுவது?

அண்ணன் இறங்கப் போனான். "வேணாம்ணே, வண்டியத் திருப்பு" என்றேன். பிள்ளை பசிக்கு அழுதாள். ஆட்டோ தார்ப்பாயை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டுப் பால் கொடுத்தேன்.

இன்று காலை பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டோம். என்ன பெயர் என்று இதில் எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே செல்லூர் முக்கில் நிற்கும்.

நாகஜோதி