அப்பா நூலை நனைத்துப் பார்த்த மருந்து

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் ஊரில் நீ சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே நானும் அபிநயாவும் நலம், அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், என் பேச்சையெல்லாம் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிக்கொண்டு.

முதலில் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். சந்தோஷ்குமார் என்று யாரையாவது உனக்குத் தெரியுமா? மருந்து ஏஜென்ட் என்று வந்தான். போனில் உன் படத்தைக் காட்டி, "உங்க பொண்ணு லேபுல கண்டுபிடிச்சதுதான் இது, உடம்புல ஒட்டினு இருக்கிற புரதத்தையெல்லாம் பிரிச்சிடும், ரத்தப் புத்து ஓடியே போயிடும்" என்று அப்பாவிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்தான். அவன் சிரிப்பே எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தப் புரதத்தை எதிலிருந்துப்பா பிரிக்கும் என்றேன், எல்லாத்தையும்மா என்றான். ஒட்டியே இருக்கவேண்டியதும் பிரிந்தால் ஆள் என்ன ஆவது? சாகவேண்டிய புற்று அணுவைச் சாகவிடாமல் ஒரு புரதம் இன்னொன்றைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆஸ்பத்திரி மாத்திரை அந்த ஒரு பிடியை மட்டும் விடுவிக்கும், அப்படிப்பட்ட சின்ன மருந்து அகப்படுவதே அபூர்வம் என்று நீதானே சொன்னாய்.

பட்டும் புரதம்தான் என்று அபிநயா பாடத்தில் படித்ததை என்றோ சொல்லியிருந்தாள். அப்பா அதை நினைவில் வைத்து, இன்னும் கொதிக்கவைத்துப் பசை எடுக்காத பட்டு நூலை அந்த மருந்தில் போட்டுப் பார்த்தார். மறுநாள் இழை இழையாகப் பிரிந்துவிட்டது. "கொதிக்க வெக்காமயே பிரிஞ்சிடுச்சி பாரு கமலா, எம் பொண்ணுடி அவ!" என்று தறிக்காரர்களிடமெல்லாம் காட்டினார். நான் அதே நூலைச் சலவை சோடாத் தண்ணீரில் போட்டேன், அதிலும் பிரிந்தது. அது வேற, இது வேற என்கிறார். அவன் சொன்னபடி ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே குடிக்கிறார். தலையணைக்குள் பிரிக்காத மாத்திரை அட்டையைப் பார்த்ததிலிருந்து அவர் எதை விழுங்கினாலும் எனக்குச் சந்தேகம்தான். வாய் வெளுத்துக்கொண்டே வருகிறது.

போனில் சொல்லிப் பயனில்லை. கம்பெனிக் கட்டுப்பாட்டால், அது உன் மருந்தே இல்லை என்றுதான் நீ சொல்வாய் என்று அவன் முன்கூட்டியே அப்பா காதில் ஓதிவிட்டான். நீ மறுத்தால் அப்பா சிரித்துக்கொள்வார். போன பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் மட்டும் சொல்லி அழுதாயே, நீ கண்டுபிடித்ததாகக் கொண்டாடிய மருந்து கடைசியில் வெறும் சோப்பு மாதிரி எல்லாவற்றையும் கலைத்துவிடுகிற சரக்கு என்று தெரிந்து குப்பையில் போட்டதை. அதை அப்பாவுக்கு எழுது. அப்பாவிடம் சொல்லாதே என்று கேட்டிருந்தாய், இதுவரை சொல்லவில்லை. ஆனால் நீ ஏமாந்த கதையை உன் கையெழுத்தில் படித்தால்தான் தானும் ஏமாந்ததை ஒப்புக்கொள்வார். நீ தோற்கவே மாட்டாய் என்று நினைக்கிறார், அந்த நினைப்பில்தான் பாட்டிலைத் திறக்கிறார்.

உனக்கு ஒரு குறையும் வராது, வரதர் பார்த்துக்கொள்வார். நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தை அபிநயா போனில் படம் எடுத்து அனுப்புகிறாள். உன் கடிதம் தபாலில் வந்து சேரும்வரை காத்திருக்கமுடியாது, நீ எழுதியதையும் படம் எடுத்து இன்றே அவளுக்கு அனுப்பு. அழுததையும் விடாமல் எழுது.

உன் அம்மா,
கா. கமலவேணி