சீர்த்தட்டில் வந்த பென்டிரைவ்

அன்பு மகள் திவ்யாவுக்கு, உன் அப்பா காசிமாயன் தன் கையால் எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஆக்லாந்துக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வந்து, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன்.

யாரையோ வைத்து எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிடாதே தாயி. எழுத்தும் என்னுடையதுதான், கோணலும் என்னுடையதுதான். பெர்சி டீச்சர் நடத்துகிற சாயங்கால வகுப்புக்குப் போன ஆடியிலிருந்து போகிறேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் ஒரு கடிதமே எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டேன் என்று தெரியாது. ஒரு வரி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது, ஆறினால் ஆறட்டும் என்று குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். நேற்று எழுதியதை இன்று எடுத்துப் படித்தால் நான் சொன்னது சொன்னபடியே அங்கே உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. மேலுறையில் உன் முகவரியை மட்டும் டீச்சர் இங்கிலீஷில் எழுதித் தந்தார். உள்ளே இருப்பதை அவருக்குக்கூடக் காட்டவில்லை. பங்குனியிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. எடுக்காததற்கு உன்னிடம் நியாயம் இருந்தது. நீ எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் சொன்ன விஷயம் ஊருக்குப் போய்விட்டது. ஊருக்குச் சொன்னது நானும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. சொன்னவனைக் கண்டுபிடித்துவிட்டேன், அவனை நடுத்தெருவில் நிறுத்தியும் விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கம்ப்யூட்டரில் வந்து, புருஷனை விட்டுத் தனியாக ஒரு அறை எடுத்துவிட்டதாகவும், ஒரு தலையணை வாங்கிப் போட்டுப் படுத்துக்கொள்வதாகவும், கோர்ட்டில் முடிகிறவரை யாருக்கும் தெரியவேண்டாம் என்றும் சொல்லி அழுதாய். நாங்கள் வெளியே யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் சோழவந்தானில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, உன் மாமன் ஜெயபாண்டியின் பெண்டாட்டி தங்கப்பொண்ணு உன் அம்மாவைப் பார்த்து, "ஏன் மதினி, ஒம் மக தனி ரூம் எடுத்துட்டாளாமே, ஒத்தத் தலகாணி போதும்னு அழுதாளாமே" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அதற்குள் உனக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள், நீ கூப்பிட்டு, உங்களை நம்பித்தானே சொன்னேன் என்று ஒரே வார்த்தை கேட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். நான் உன் அம்மாவைச் சந்தேகப்பட்டேன், தம்பி வீட்டில் போய் உளறியிருப்பாள் என்று. அவள் என்னைச் சந்தேகப்பட்டாள், டீக்கடையில் உட்கார்ந்து வாயை விட்டிருப்பேன் என்று. "கருப்பன் மேல சத்தியமா நான் சொல்லல. நீரு சொல்லலைன்னா செவுரா சொல்லுச்சு?" என்று கத்தினாள். சுவர்தான் சொல்லியிருக்கிறது தாயி. சுவர் ஓரமாக நீ வாங்கி வைத்த கம்ப்யூட்டர்தான் சொல்லியிருக்கிறது.

சாப்பாட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற வீட்டில் எத்தனை நாள் இருப்பது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் பெர்சி டீச்சரிடம் விஷயம் இன்னதென்று சொல்லாமல், எங்கள் வீட்டுப் பேச்சு வெளியே போகிறது, எப்படி என்று தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் பகலில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். வீட்டுக்கு வந்தார், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் தட்டினார், எழுந்து எங்கள் இருவரையும் மாட்டுத்தொழுவத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே வைத்துத்தான் சொன்னார், "ஐயா, உங்க வீட்ல இருக்கிறது கம்ப்யூட்டர் இல்ல, மைக்செட்டு. நீங்க பேசுறது அம்புட்டும் அசோக்குமார் கடையில கேக்குது" என்று. அசோக்குமார் யார், உன் மாமன் மகன்தானே, மதுரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன்தானே. பேச்சைப் பதிந்து அனுப்புகிற உளவு வேலை ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறதாம். அது அனுப்புகிற இடத்தின் முகவரியில் அவன் கடைப் பெயரையே வைத்திருக்கிறான். மறைக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. கைநாட்டு வீடுதானே, யார் படிக்கப்போகிறார்கள் என்கிற திமிர். நீ எந்த நேரம் கூப்பிடுவாயோ என்று நாங்கள் அதை அணைக்காமலே வைத்திருந்தோம், அது அவனுக்கு இன்னும் தோதாகப் போய்விட்டது.

எப்படி உள்ளே வந்தது தெரியுமா. போன வருஷம் தையில் அசோக்குமார் மதுரையில் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்று அழைக்க வந்தார்களே, தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, உன் அம்மாவுக்குச் சேலை, அதோடு மஞ்சள் தடவிய ஒரு பென்டிரைவையும் தட்டில் வைத்து நீட்டினான் ஜெயபாண்டி. பத்திரிகையைப் படமாகவே எடுத்திருக்கிறோம், அக்கா பெரிய திரையில் பார்க்கட்டும் என்றான். பிறந்த வீட்டுச் சீர்த்தட்டில் இருந்து ஒன்றை மட்டும் எடுத்துத் தள்ளிவைக்க எந்தப் பொம்பளைக்கு மனசு வரும், உன் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வந்தவர்கள் முன்னாலேயே போட்டுப் பார்ப்பதுதானே மரியாதை. அசோக்குமாரே செருகினான், திரையில் சிவப்பாக ஏதோ கேள்வி வந்தது, என்னப்பா கேட்கிறது என்றேன், "ஒண்ணுமில்ல மாமா, சரின்னு குடுத்தாத்தான் படம் ஓடும்" என்று அவனே அமுக்கினான். நாதசுரம் ஊத, வீட்டு வாசலில் பூ விழுந்தது, உன் அம்மா கைதட்டினாள். அன்றைக்கு எனக்கு எழுத்துத் தெரியாது. கேள்வி கேட்டது நம் கம்ப்யூட்டர், பதில் சொன்னது திருடன். எதற்காகச் செய்தார்கள் என்று கேட்பாய். உன்னை அசோக்குமாருக்குக் கேட்டு, நீ மாட்டேன் என்று படித்த இடத்திலேயே கட்டிக்கொண்டாய் அல்லவா, முறைமாப்பிள்ளை உரிமையை மிதித்துவிட்டோம் என்று அந்த வீட்டுக்குள் ஒரு புகை அடங்காமலே இருந்திருக்கிறது. நீ நன்றாக வாழ்வதைக் கேட்கப் பொறுக்காமல்தான் காதை வைத்தார்கள், வாழ்வில் சங்கடம் என்றதும் பந்தியில் பரிமாறிவிட்டார்கள்.

டீச்சர் முதலில் எல்லாவற்றையும் ஆதாரமாக எடுத்துத் தன் பொறுப்பில் பத்திரமாக வைத்தார். பிறகு, இப்போதே சுத்தம் செய்துவிடட்டுமா என்றார். வேண்டாம், இன்னும் கொஞ்சநாள் அவன் கேட்கட்டும் என்றேன். கம்ப்யூட்டரில் இருக்கிற சாட்சியை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினால் அவர்களுக்கு என்ன புரியும், ஜெயபாண்டி ஒரே பேச்சில் துடைத்துவிடுவான். அவன் காலாலேயே அவனை வரவழைக்கவேண்டும் என்று நினைத்தேன். அன்று உன் அம்மாவும் நானும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தபடி ஒரு நாடகம் போட்டோம். பெங்களூரிலிருந்து பீமாராவ் என்று ஒரு பெரிய பணக்காரர் வியாழக்கிழமை காலை வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறார், நம் பக்கத்தில் தோப்பு தேடுகிறார், கேட்ட விலை கொடுப்பார், ஜெயபாண்டி தோப்பு நம் தோப்பை ஒட்டியே இருக்கிறது, அவன் காதில் விழுந்தால் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று நான் சொன்னேன். உன் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி, "ஏங்க, எந்தம்பிகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதீக" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். பீமாராவ் என்ற பெயரை ஏன் வைத்தேன் என்றால் நம் சுற்றுவட்டாரத்தில் எவனுக்கும் அந்தப் பெயர் கிடையாது.

மறுநாள் நம் ஊர்த் தலைவர் அம்பலம் பாண்டியராஜனிடமும் இன்னும் சில பெரியவர்களிடமும் போய், இப்படி ஒரு ஆளை என் வீட்டுக்குள் உட்கார்ந்து நானே உண்டாக்கியிருக்கிறேன், வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை, வியாழக்கிழமை அவரைத் தேடி யார் வருகிறார்கள் என்று பாருங்கள் என்று சொல்லிவைத்து, அன்று காலையில் அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். வந்தானே ஜெயபாண்டி, தாயி! வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், கையில் ரோஜா மாலை, பின்னால் வாடகைக் கார், அசோக்குமார் ஒரு அட்டையில் இங்கிலீஷில் பெரிதாகப் பெயர் எழுதித் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். பெங்களூர் பக்கமிருந்து எந்த பஸ் வந்தாலும் இரண்டு பேரும் ஓடினார்கள். கண்ணாடி போட்டு இறங்கிய ஒரு சேலம் ஜவுளிக்காரருக்கு மாலையே போட்டுவிட்டான், அவர் பயந்துபோய் மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடினார். அம்பலம் மெல்ல எழுந்து போய், "என்னப்பா ஜெயபாண்டி, யாரு வாராக?" என்றார். "நம்ம சிநேகிதரு ஒருத்தரு அண்ணே, ரொம்ப நாள் பழக்கம்" என்றான். "பேரு?" "பீமாராவ் அண்ணே." பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். "மாப்ள, அவரு வரமாட்டாரு. அவரைத் திங்கக்கிழமைதான் நான் பெத்தேன், இன்னும் நடக்கப் பழகல" என்றேன். அவன் முகத்தில் ஓடிய ரத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை, அதற்கு இன்னும் படிக்கவேண்டும். அசோக்குமார் அட்டையைத் திருப்பித் தொடையோடு ஒட்டிக்கொண்டான். எந்தக் காதால கேட்டடா என்று அம்பலம் கேட்டார். டீக்கடைக்காரன்கூடச் சிரித்தான். இப்போது அலங்காநல்லூர் பக்கமெல்லாம் அவனைப் பார்த்தால், பீமாராவ் சௌக்கியமா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கச் சோறு இறங்குகிறது. பாவம் என்று நினைக்கவே இல்லை, நினைத்தேன் என்று எழுதினால் பொய்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். திரை இப்போது தமிழில் கேட்கிறது, நானே எழுத்துக்கூட்டிப் படித்து, புரியாவிட்டால் வேண்டாம் என்று அமுக்கிவிடுகிறேன். பழைய கடவுச்சொல் என்ன என்று கேட்டார், குலசாமி பெயரும் ஒன்று இரண்டு மூன்றும் என்றேன், விழுந்து விழுந்து சிரித்தார், இந்த ஊரில் பாதி வீட்டுக்கு அதே சாவிதானாம். இப்போது வைத்திருப்பதை உன்னிடமும் சொல்லமாட்டேன். நீயும் பத்திரமாக இரு. தென்னையில் வெள்ளை ஈ வருவதற்கு முன்பே மருந்தடிப்பது போல, கம்ப்யூட்டர் புதுப்பிக்கச் சொன்னால் நாளைக்கு என்று தள்ளாதே. வைரஸ் பார்க்கிற காவலை அணைத்து வைக்காதே. சொந்தக்காரன் கொடுத்தாலும், சாமி பிரசாதம் மாதிரி நீட்டினாலும், அடுத்தவன் பென்டிரைவைச் செருகாதே. உன் பழைய கடவுச்சொற்களை எல்லாம் மாற்று, நீ விட்டுவந்த அந்த ஆள் கூட இருந்தபோது வைத்தவை ஒன்றும் வேண்டாம். பேசாத நேரத்தில் கேமராவை மூடிவை. ஆயுத பூஜைக்கு உன் அம்மா நம் கேமரா மேல் சந்தனத்தை அப்பிவிட்டாள், டீச்சர் அதை மட்டும் துடைக்காமல் விட்டுவிட்டார்.

இனி முக்கியமான விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை அம்பலமும் மற்றவர்களும் வீட்டுக்கு வந்தார்கள். கருப்பன் கோயிலில் ஊர் முன்னால் ஜெயபாண்டியும் மகனும் என் காலில் விழுவார்களாம், தாய்மாமன் உறவு அறுந்தால் நாளைக்கு நல்லது கெட்டதுக்கு யார் நிற்பது, இதோடு விட்டுவிடு என்றார்கள். "எங்காலுல எதுக்கு விழுகணும், எம் பேச்சையா கேட்டான்? எம் மக அழுகையக் கேட்டான். மன்னிக்கிறதுன்னா அவ மன்னிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மதுரையில் சைபர் குற்றப் போலீஸ் இருக்கிறது, ஆதாரம் எல்லாம் இருக்கிறது, பதிவானது உன் குரல் என்பதால் நீ ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் வழக்கு நிற்கும் என்று டீச்சர் சொல்கிறார். உன் அம்மாவைக் கேட்டேன். கூடப் பிறந்தவன், அவள் வாயால் வழக்குப் போடு என்று வராது. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர்கள் கொண்டுவந்த சீர்த்தட்டைக் கழுவி, ஒரு பழம்கூட வைக்காமல் வெறுந்தட்டாகத் தம்பி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து, "எம் புள்ள என்ன சொல்லுதோ அதுதான்" என்றாள். ஆகவே நீ சொல்லவேண்டும். போனிலோ கடிதத்திலோ, உனக்கு எதில் மனசு வருகிறதோ அதில் சொல். நீ மன்னிக்கிறேன் என்றால் அப்பா குறுக்கே நிற்கமாட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய் நிற்பேன்.

குலசாமி உனக்குத் துணையிருக்கட்டும். எந்த ஊரில் தனியாக இருந்தாலும் நீ எங்கள் பிள்ளை, தலை நிமிர்ந்து நட, கோர்ட்டில் உன் பக்கம் நல்லபடியாக முடியும், எங்கள் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இருக்கவேண்டும். உன் அம்மா ஊறுகாய் அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னாள், மறக்காமல் அதற்கும் பதில் போடு. ஒன்றை மட்டும் மனதில் வை தாயி. அவசரப்பட்டு மன்னித்துவிடாதே. நீ எங்களிடம் அழுததை அவர்கள் எத்தனை தடவை போட்டுக் கேட்டார்களோ, அத்தனை நாளாவது காத்துக் கிடக்கட்டும்.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
உன் அப்பா
பா. காசிமாயன்